வரி கட்ட ஆள் குறைந்த ஊரில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும்?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மெக்டவல் என்றொரு கவுண்டி இருக்கிறது. 1950 கணக்கெடுப்பில் அங்கே 98,887 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர். எழுபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும். நெஞ்சுவலி வந்தால் ஓடுவதற்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும். குழாயைத் திறந்தால் குடிக்கிற தண்ணீர் வர வேண்டும். அன்றைக்கு ஒரு லட்சம் பேருக்காகப் போட்ட குழாயும் சாலையும் கட்டடமும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஆட்கள் குறைந்த அளவுக்கு அவற்றைப் பராமரிக்கும் செலவு குறையவில்லை.

உலகின் பணக்கார நாட்டில் ஒரு பகுதி எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று கேட்கத் தோன்றும். அந்த நாடு பொதுச் சேவைகளுக்குப் பணம் திரட்டும் முறையைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். மெக்டவலை வைத்தே அதைப் பார்க்கலாம்.

கவுண்டி என்பது என்ன?

மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. அமெரிக்கா முழுவதும் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் 55. பார்வைக்கு நம் மாவட்டம் போல இருந்தாலும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் உண்டு. நம் மாவட்டத்துக்குக் கலெக்டரை அரசு நியமிக்கிறது. மெக்டவலை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த மூன்று பேர் கொண்ட கவுண்டி கமிஷன். பள்ளிகளுக்கு ஐந்து பேர் கொண்ட கல்வி வாரியம். அதற்குத் தனித் தேர்தல். வீடு, நிலம், சுரங்கம் ஆகியவற்றின் மதிப்பைக் குறிக்கும் அதிகாரியும் தேர்தலில் வென்று வந்தவர்தான். ஹாலிவுட் படங்களில் துப்பாக்கியோடு வரும் ஷெரிஃபை நமக்குத் தெரியும். மேற்கு வர்ஜீனியாவில் கவுண்டியின் பொருளாளரும் அவரே. வரி வசூல் அவர் அலுவலகத்தின் வேலை.

மெக்டவலின் தலைமையிடம் வெல்ச் என்ற சிறு நகரம். வரி கட்டுகிறவர்கள் அங்குள்ள நீதிமன்றக் கட்டடத்துக்கு வருகிறார்கள். அந்த மாநிலத்தில் வீடு, நிலத்துக்குப் போலவே காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. அந்த ரசீதைக் காட்டாமல் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. வேலை போன ஒரு சுரங்கத் தொழிலாளி தன் பழைய பிக்கப் வண்டிக்குக் கட்டுகிற அந்த வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அந்த ஊரின் கல்வி அந்த ஊர்ச் சொத்தின் மதிப்போடு எவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இந்த ரசீதே சாட்சி.

நிலக்கரி கொடுத்ததும் எடுத்துப்போனதும்

மெக்டவல் முழுக்க மலையும் குறுகிய பள்ளத்தாக்குமான நாடு. 1880களின் இறுதியில் ரயில் பாதை வந்தது. அதன் பின்னால் போகஹொண்டாஸ் நிலக்கரி வெளியே போகத் தொடங்கியது. புகை குறைந்து, சூடு மிகுந்து எரிகிற கரி அது. கப்பல்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் அதுதான் வேண்டும் என்று வாங்கினார்கள். தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களும் இத்தாலி, ஹங்கேரி, போலந்திலிருந்து குடியேறிகளும் வந்து சேர்ந்தார்கள். வெல்ச் நகரத் தெருக்களில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போய், 1941இலேயே நகராட்சி பல மாடி வாகன நிறுத்தக் கட்டடம் கட்டியது.

சுரங்க ஊர்களில் கம்பெனியே எல்லாம். வீடு, கடை, தண்ணீர்க் குழாய் எல்லாம் கம்பெனியுடையவை. டாக்டரும் கம்பெனி டாக்டர்தான். அவருக்கான பணம் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. சேவைகள் இருந்தன; ஆனால் அவை மக்களுக்குச் சொந்தமாக இல்லை. கம்பெனி இருக்கும்வரைதான் அவை இருக்கும் என்ற நிலை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இயந்திரங்கள் வந்தன. பலர் வெட்டிய கரியைச் சிலர் வெட்டினார்கள். 1960இல் ஜனாதிபதி வேட்பாளராக ஜான் கென்னடி அந்த மாநிலத்தில் சுற்றி வந்தபோது அங்கே கண்ட பசி அவரை உலுக்கியது. அவர் ஜனாதிபதியான பின், 1961 மே மாதம் கூப்பன் முறையில் உணவு வாங்கும் புதிய சோதனைத் திட்டத்தின் முதல் கூப்பன்கள் வெல்ச்சில்தான் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றது 15 பேர் கொண்ட ஒரு மெக்டவல் குடும்பம். இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் நம்பியிருக்கும் உணவு உதவித் திட்டம் அங்கிருந்து வளர்ந்ததுதான். 1980களில் எஃகுத் தொழில் சரிந்தது. மெக்டவலில் கேரி என்ற ஊரையே உருவாக்கிய யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1986இல் அங்கிருந்த சுரங்கங்களை மூடியது. சம்பளம் நின்றது, வீட்டு விலை விழுந்தது, வரி வருமானமும் கூடவே விழுந்தது.

இதோடு இன்னொரு பழைய சிக்கலும் சேர்ந்துகொண்டது. மெக்டவல் அடங்கிய அப்பலாச்சிய மலைப்பகுதியின் நில உடைமை பற்றி 1981இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, நிலத்திலும் கனிமத்திலும் பெரும்பங்கு வெளியூர்க் கம்பெனிகளின் கையில் இருப்பதையும், அவை கட்டும் சொத்து வரி மிகக் குறைவாக இருப்பதையும் கவுண்டி கவுண்டியாகக் கணக்கெடுத்துக் காட்டியது. வெட்டியெடுக்கும் கரிக்கு மாநிலம் தனி வரி வாங்கி அதில் ஒரு பகுதியைக் கவுண்டிகளுக்குத் தருகிறது. ஆனால் கரி விலை ஏறினால் அது ஏறும், இறங்கினால் இறங்கும். ஆசிரியர் சம்பளத்தை அப்படி ஏற்றி இறக்க முடியாது.

பள்ளிக்கூடத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் கொல்லிமலையில் வேலை பார்த்தாலும் கோயம்புத்தூரில் பார்த்தாலும் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஊரின் வருமானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவில் பள்ளிச் செலவை மூன்று கைகள் சுமக்கின்றன. நாடு தழுவிய சராசரியில் ஏறக்குறையப் பாதியை மாநிலம் தருகிறது. அதைவிடச் சற்றே குறைவான பங்கு உள்ளூர் வரியிலிருந்து வருகிறது. ஒன்றிய அரசின் பங்கு சிறியது. மேற்கு வர்ஜீனியாவில் 1933 முதல் ஒரு கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். மாநிலம் தரும் தொகை பெரும்பாலும் மாணவர் தலைக்கணக்கை வைத்தே முடிவாகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கவுண்டி மக்கள் வாக்களித்துக் கூடுதல் வரியை ஏற்க வேண்டும். வசதியான கவுண்டி அப்படித் திரட்டி ஆசிரியருக்குக் கூடுதலாகக் கொடுக்கும். மெக்டவல் அதே விகிதத்தில் வரி போட்டாலும் கிடைக்கிற தொகை சிறிது.

தலைக்கணக்கு முறை ஆட்கள் குறையும் ஊரை எப்படி நெருக்குகிறது என்று பார்ப்போம். எட்டு வகுப்பு உள்ள ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆண்டில் இருபது பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு இரண்டு, மூன்று பேர் குறைவார்கள். அதற்காக ஓர் ஆசிரியரை நிறுத்திவிட முடியாது. பஸ் அதே மலைப்பாதையில் ஓடியாக வேண்டும். குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவு அப்படியே இருக்கும். ஆனால் இருபது பேருக்கான பணம் வராது. இது நான்கு ஆண்டு தொடர்ந்தால் கல்வி வாரியத்துக்குத் தெரிகிற வழி ஒன்றுதான்: பள்ளியை மூடி இன்னொன்றோடு இணைப்பது.

மெக்டவலில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. வார் என்ற ஊரிலிருந்த பிக் கிரீக் உயர்நிலைப் பள்ளி 2010இல் மூடப்பட்டு, யேகர் பள்ளியோடு சேர்ந்து ரிவர் வியூ உயர்நிலைப் பள்ளி ஆனது. சுரங்க ஊரில் பிறந்து, நண்பர்களோடு ராக்கெட் செய்து, பின்னாளில் நாசாவில் பொறியாளரான ஹோமர் ஹிக்கம் படித்தது அந்தப் பிக் கிரீக்கில்தான். இணைப்பால் புதுக் கட்டடமும் ஆய்வகமும் கிடைக்கும் என்பது உண்மை. பிள்ளைகள் வளைந்து நெளிந்த மலைச் சாலையில் விடியலுக்கு முன்பே பஸ் ஏற வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. சாயங்காலம் பள்ளி முடிந்ததும் விளையாடவோ நாடக ஒத்திகைக்கோ நிற்கிற பிள்ளையைக் கூட்டிவர வீட்டில் வண்டி வேண்டும். வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாதிப் பள்ளிக்கூடம் இல்லாமலே போய்விடுகிறது.

நீதிமன்றங்களும் இதில் தலையிட்டிருக்கின்றன. 1973இல் டெக்சாஸிலிருந்து வந்த சான் அன்டோனியோ வழக்கில், கல்வி அமெரிக்க அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணக்கார ஊருக்கும் ஏழை ஊருக்கும் உள்ள பள்ளிச் செலவு வித்தியாசத்தைக் கேட்க ஒன்றிய நீதிமன்றத்தில் இருந்த வழி அடைபட்டது. மேற்கு வர்ஜீனியாவின் லிங்கன் கவுண்டிப் பெற்றோர்கள் மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாநிலச் சாசனப்படி கல்வி அடிப்படை உரிமைதான் என்று 1979இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமை ஏட்டில் உறுதியானது. அதற்கான பணம் முழுதாக வந்து சேரவில்லை.

2001இல் மெக்டவல் பள்ளிகளின் நிர்வாகத்தை மாநிலமே எடுத்துக்கொண்டது. 2013இல்தான் திருப்பிக் கொடுத்தது. நிர்வாகம் கை மாறியதே தவிர வகுப்பில் நிற்க ஆள் கிடைப்பது எளிதாகவில்லை. இளம் ஆசிரியர்கள் வர மறுத்ததற்குச் சம்பளம் மட்டும் காரணம் அல்ல. வாடகைக்கு நல்ல வீடு கிடைக்கவில்லை. பழைய சுரங்க வீடுகள் சிதைந்துவிட்டன. புதிதாகக் கட்டச் சமதரை அபூர்வம், இருக்கிற சமதரையும் ஆற்றோரத்தில் வெள்ளம் வரும் இடம். 2011இல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு என்ற தொழிற்சங்கம் பல அமைப்புகளைச் சேர்த்து 'ரீகனெக்டிங் மெக்டவல்' என்ற முயற்சியைத் தொடங்கியது. வெல்ச்சில் ஆசிரியர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டியது அதன் பணிகளில் ஒன்று. வகுப்பறைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் வீடு கட்ட வேண்டும் என்பதை அந்தச் சங்கம் கண்டுகொண்டது.

ஆஸ்பத்திரி ஏன் மூடப்படுகிறது?

2010ஐ ஒட்டிய கணக்குப்படி மெக்டவலில் ஆண்களின் சராசரி ஆயுள் 64 ஆண்டு, பெண்களுக்கு 73. அதே காலத்தில், காரில் ஒரு பகல் பயணத்தில் எட்டிவிடக்கூடிய வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 82, 85. ஒரே நாட்டில், ஒரே காலத்தில் வாழும் ஆண்களுக்கு இடையே பதினெட்டு ஆண்டு வித்தியாசம். கரித்தூளால் நுரையீரல் கெட்டவர்கள், சர்க்கரை நோயாளிகள், இதய நோயாளிகள் என்று ஏற்கெனவே இருந்த சுமையோடு, 1990களின் பிற்பகுதியிலிருந்து வலி மாத்திரைப் பழக்கமும் சேர்ந்தது. உடம்பை முறித்து உழைத்தவர்களுக்கு வலிக்கென்று எழுதித் தரப்பட்ட மாத்திரைகள் ஒரு தலைமுறையையே சாய்த்தன. அளவு மீறிய போதையால் ஏற்படும் சாவில் நாட்டிலேயே மிக மோசமான கவுண்டிகளில் ஒன்றாக மெக்டவல் ஆனது. இதனால் தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் மிக அதிகம்.

இத்தனை நோயாளிகள் இருக்கிற இடத்தில் ஆஸ்பத்திரி நஷ்டத்தில் ஓடுவானேன் என்ற கேள்வி நியாயமானது. ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. இரவு முழுக்க டாக்டரும் நர்ஸும் ஆய்வகமும் தயாராக இருக்க வேண்டும். வருமானமோ வந்துபோகும் நோயாளிக் கணக்கில் வருகிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு நல்ல லாபம் தருபவை தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். அந்தக் காப்பீடு பெரும்பாலும் வேலை வழியாகத்தான் கிடைக்கும். மெக்டவல் போன்ற இடத்தில் பெரும்பாலானோர் முதியோருக்கான மெடிகேரையும் ஏழைகளுக்கான மெடிக்கெய்டையும் நம்பியிருக்கிறார்கள். இவை குறைவாகக் கொடுக்கும். 1986இன் சட்டப்படி அவசர சிகிச்சைக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. அது நல்ல சட்டம். ஆனால் அந்தச் செலவை ஈடுகட்டும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இல்லை.

இதைச் சரிசெய்ய 1997இல் ஒரு வழி கொண்டுவந்தார்கள். இன்றைய விதிப்படி, படுக்கை 25க்கு மேல் போகாமல், அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து பொதுவாக 35 மைலுக்கு மேல், மலைநாட்டில் 15 மைலுக்கு மேல், தள்ளி இருக்கும் சிறு ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் நோயாளிகளுக்கான நியாயமான செலவை 101 சதவீதக் கணக்கில் கொடுப்பது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் இந்த வழியில் நடக்கின்றன. 2010க்குப் பிறகு ஏழைகளுக்கான மெடிக்கெய்டை விரிவுபடுத்தும் வாய்ப்பு மாநிலங்களுக்கு வந்தபோது மேற்கு வர்ஜீனியா 2014இல் அதை ஏற்றது. அதனால் ஆஸ்பத்திரிகள் மூச்சுவிட்டன. அப்படியும் எல்லாம் தப்பவில்லை. 2020இல், கொரோனா பரவிக்கொண்டிருந்த ஆண்டில், பக்கத்து மிங்கோ கவுண்டியில் வில்லியம்சன் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. இன்னொரு பக்கத்தில் மெர்சர் கவுண்டியின் புளூஃபீல்ட் ஆஸ்பத்திரியும் உள்நோயாளிகளை எடுப்பதை நிறுத்தியது.

மெக்டவலுக்குள்ளும் பாடம் இருக்கிறது. வெல்ச்சில் முன்பு ஸ்டீவன்ஸ் கிளினிக் என்றொரு ஆஸ்பத்திரி இருந்தது. மூடப்பட்ட பின்பு அந்தக் கட்டடம் சிறைச்சாலையாக மாற்றப்பட்டது. இன்றும் தாங்கி நிற்பது வெல்ச் சமுதாய ஆஸ்பத்திரி. சுரங்க விபத்தில் அடிபட்டவர்களுக்காக மாநிலமே ஆஸ்பத்திரி நடத்த வேண்டும் என்று 1899இல் போட்ட சட்டத்தில் அதன் வேர் இருக்கிறது. லாபத்தைப் பார்த்துத் தொடங்காமல் தேவையைப் பார்த்து மாநிலம் தொடங்கியது அது. கேரியில் உள்ள டக் ரிவர் சுகாதார மையம் போன்ற சமுதாய மருத்துவ மையங்கள், நோயாளியின் வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் வாங்கி அன்றாட வைத்தியத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

டாக்டர்கள் விஷயத்தில் நம்மவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்த வெளிநாட்டு டாக்டர், டாக்டர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்த்தால், நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறலாம். 1994இல் வந்த ஏற்பாட்டின்படி மாநிலங்கள் இதற்குப் பரிந்துரைக்கலாம். அதற்கு முன்பும் பின்பும் இந்திய டாக்டர்கள் பலர் அப்பலாச்சிய ஊர்களில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ் 1980களில் டென்னசியின் ஜான்சன் சிட்டியில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் பின்னர் புத்தகமாக வந்தது.

குழாய்த் தண்ணீர்

சுரங்கக் கம்பெனிகள் போனபோது குழாய்களை விட்டுப்போயின. நூற்றாண்டு பழசான அந்தக் குழாய்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. பல ஊர்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை மாதக்கணக்கில் நீடித்தது. கீஸ்டோன் என்ற சிற்றூரில் அது பல ஆண்டுகள் நீடித்தது. சாலையோரம் மலையிலிருந்தும் பழைய சுரங்க வாயிலிலிருந்தும் கசியும் ஊற்றுக்குக் குழாய் பொருத்தியிருப்பார்கள். பிளாஸ்டிக் கேன்களை வண்டியில் ஏற்றிவந்து, ஒவ்வொன்றாக நிரப்பி, மூடி போட்டு எடுத்துப்போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். கேனைத் தூக்க முடியாத முதியவர்கள் கடைத் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். 1990இல் அமைந்த பொதுச் சேவை மாவட்டம் இந்தப் பழைய அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் புதுக் குழாய் பதித்து வருகிறது. மலையில், வீட்டுக்கு வீடு வெகுதூரம் இருக்கிற இடத்தில், மிகச் சில குடும்பங்களுக்காக மைல் கணக்கில் குழாய் போட வேண்டும். தண்ணீர்க் கட்டணத்தில் அந்தச் செலவை எடுக்கவே முடியாது. மாநில, ஒன்றிய அரசுகளின் மானியம் வந்தால்தான் வேலை நகரும்.

ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும்

கல்வி, மருத்துவம், தண்ணீர் என்று நாம் தனித்தனித் துறையாகப் பேசுகிறோம். மெக்டவலில் இவை ஒரே முடிச்சு. ஆஸ்பத்திரி மூடினால் கர்ப்பிணியும் இளம் குடும்பமும் வெளியேறும். அவர்கள் போனால் பள்ளியின் தலைக்கணக்கு குறையும். பள்ளி மூடினால் அங்கே வேலை பார்த்தவர்களும் போவார்கள். ஒவ்வொரு முறையும் வரி கட்டுகிற கை குறைகிறது. 2016இல் மெக்டவலின் கிம்பல் என்ற ஊரில் இருந்த வால்மார்ட் மூடப்பட்டபோது வேலைகள் போயின; மளிகை வாங்க அருகிலிருந்த பெரிய கடையும் அதுவே என்பதால் அந்த வசதியும் போயிற்று. போதைப் பழக்கம் பெருகினால் சிறைக்குப் போகிறவர்கள் பெருகுவார்கள். மாநிலம் நடத்தும் வட்டாரச் சிறைக்குக் கவுண்டியிலிருந்து போகும் கைதிகளுக்கு நாள் கணக்கில் கவுண்டி பணம் கட்ட வேண்டும். தடுப்பு மருத்துவத்துக்குப் போயிருக்க வேண்டிய காசு இப்படிச் சிறைக்கணக்கில் கரைகிறது.

2018 பிப்ரவரியில் நடந்ததும் இந்த முடிச்சைக் காட்டியது. அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறியதும், சம்பளம் ஏறாததும் சேர்ந்து மேற்கு வர்ஜீனிய ஆசிரியர்களை வேலைநிறுத்தத்துக்குத் தள்ளின. கரி வெட்டும் தென் கவுண்டிகளில் கனன்ற கோபம் 55 கவுண்டிப் பள்ளிகளையும் மூடவைத்தது. வேலைநிறுத்தத்தின்போது ஆசிரியர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிப் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளி மூடினால் பல பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதிய உணவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்பது பள்ளி நாள்களுக்குப் பிறகு 5 சதவீத ஊதிய உயர்வோடு வேலைக்குத் திரும்பினார்கள்.

என்ன செய்தால் தாங்கும்?

மெக்டவலில் பலன் தந்தவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பணம் தலைக்கணக்கைப் பார்க்காமல் தேவையைப் பார்த்து வந்தது. பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் இலவச உணவு, பள்ளி வளாகத்திலேயே மருத்துவம், மெடிக்கெய்டு விரிவாக்கம், மாநில ஆஸ்பத்திரி, மானியத்தில் குழாய், ஆசிரியருக்கு வீடு எல்லாம் அப்படி வந்தவைதான். இன்று இவற்றுக்கு மறுபடி சோதனை. 2025 ஜூலையில் நிறைவேறிய ஒன்றியச் சட்டம், விரிவாக்கத்தில் மெடிக்கெய்டு பெறும் வயது வந்தோர் பலர் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கு இணையான பணியோ செய்ததாகக் காட்ட வேண்டும் என்கிறது. 2027 தொடக்கத்துக்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும். வேலையே அரிதான பள்ளத்தாக்கில் அதைக் காட்டுவது கடினம். அதே சட்டம் கிராமப்புற மருத்துவத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 5,000 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. நல்ல தொகைதான். ஆனால் நோயாளிகளின் காப்பீடு போய்விட்டால், ஒருமுறை வரும் நிதி ஆஸ்பத்திரியை எத்தனை நாள் தாங்கும்?

ஆட்கள் போய்விட்ட ஊருக்கு எதற்குச் செலவு, மிச்சமிருப்பவர்களும் கிளம்பிப் போகட்டுமே என்று சொல்பவர்கள் உண்டு. கிளம்ப முடிந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். இருப்பவர்களில் முதியவர்களும் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அதிகம். மலையையும் ஊரையும் விட மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள், அது குற்றமில்லை. மெக்டவலின் கரி நாட்டின் எஃகு ஆலைகளையும் கப்பல்களையும் ஓட்டியது. அதில் வந்த செல்வம் வெளியே போனது. நோயும் வெடித்த குழாயும் ஊரில் தங்கின. ஒரு பிள்ளை படிக்கும் பள்ளியும் அதற்குக் கிடைக்கும் வைத்தியமும் அது பிறந்த கவுண்டியின் வீட்டு விலையால் தீர்மானிக்கப்படுவது அநியாயம். அந்தச் செலவை மாநிலமும் நாடும் ஏற்க வேண்டும். அதைத் தருமம் என்று சொல்ல முடியாது. நாடு பட்ட கடன் அது.